சிஸ்டர் ஏன் உடனே கூப்பிடலை?

வார்டில் ரெண்டு பேருக்குள்ள தகராறு. ஒருத்தர் சத்தம் போட்டார். இன்னொருத்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார். பிரச்சினை முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்களா? நோயாளிக்கு ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது.

கொஞ்சம் நீளமான த்ரெட். நாளைக்கு உங்க வீட்டிலிருந்து யாராவது அட்மிட் ஆகலாம், அதனால பொறுமையா படிங்க.

நர்ஸை மட்டம் தட்டினா அவங்க மனசு கஷ்டப்படும், அவ்வளவுதானேன்னு பலர் நினைக்கிறாங்க. 2015-ல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்கள். டாக்டரும் நர்ஸ்களும் சேர்ந்த குழுக்கள்.

குறைப்பிரசவக் குழந்தை ஒண்ணு திடீர்னு மோசமாகுது. இதுதான் அவங்களுக்குக் கொடுத்த பயிற்சி. சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர்னு அறிமுகமான ஒருத்தர் கொஞ்சம் மட்டமாப் பேசினார். மத்த குழுக்களிடம் சாதாரணமாப் பேசினார்.

மட்டமான பேச்சைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டுபிடிக்கிறதிலும் சிகிச்சை செய்யறதிலும் பின்தங்கினாங்க. தெரிஞ்ச தகவலைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்றது குறைஞ்சது, உதவி கேட்கிறதும் குறைஞ்சது. படிச்ச படிப்பு அப்படியேதான் இருந்தது, வாய்தான் மூடிக்கிச்சு.

இப்போ இதை நம்ம நீலகிரிக்குக் கொண்டு வாங்க.

ஊட்டியில் 700 படுக்கைகளோட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தாச்சு. பெரிய நிம்மதி. ஆனா பந்தலூரிலோ, உள்ளே இருக்கிற ஒரு எஸ்டேட்டிலோ இருந்து வர்றவங்களுக்கு ஊட்டியே ரொம்ப தூரம். கோயம்புத்தூருக்கு அனுப்பணும்னா கொண்டை ஊசி வளைவு, மூடுபனி, மழைக்காலத்தில் ரோட்டில் விழுந்த மரம்னு எல்லாத்தையும் தாண்டி 108 போகணும். இங்கே அரைமணி நேரம் தாமதம்ங்கிறது அரைமணியோட நிற்காது.

நான் பார்த்த ஒரு சம்பவம். ஊரும் மருத்துவமனையும் வேண்டாம்.

சாயங்காலம் டூட்டி மாறுற நேரம். பனியில் பஸ் லேட், அதனால ஒரு சிஸ்டர் நாற்பது நிமிஷம் தாமதமா வந்தாங்க. நோயாளிகள், அட்டெண்டர்கள் எல்லார் முன்னாடியும் சீனியர் ஒருத்தர் அவங்களை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். சிஸ்டர் பதில் பேசலை. “விடுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க”ன்னு மத்தவங்க சமாதானம் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி, பிரசவம் முடிஞ்ச ஒரு தோட்டத் தொழிலாளி அம்மாவுக்கு நாடித்துடிப்பு 90-லிருந்து 120-க்கு ஏறுச்சு. ரத்த அழுத்தம் நார்மல். சிஸ்டர் கவனிச்சாங்க, சார்ட்டில் எழுதினாங்க. ஆனா மேலே யாரையும் கூப்பிடலை. அரைமணி நேரம் கழிச்சு பிரஷர் இறங்கினப்போதான் போன் வந்தது.

கேஷுவாலிட்டி டூட்டியில் இருந்த நானும் ஓடினேன். கர்ப்பப்பை சுருங்காம ரத்தப்போக்கு. மருந்து, ரத்தம், மலை இறங்குற ஆம்புலன்ஸ் எல்லாம் கிடைச்சு அந்த அம்மா பிழைச்சாங்க.

அப்புறம் சிஸ்டர்கிட்ட கேட்டேன். “பிரஷர் நல்லாத்தான் சார் இருந்துச்சு. இதுக்கெல்லாமா கூப்பிடுவேன்னு மறுபடியும் எல்லார் முன்னாடியும் கேட்பாங்களோன்னு நினைச்சேன்”னாங்க.

ஆரோக்கியமான இளம் பெண்ணுக்கு ரத்தம் போகும்போது முதலில் ஏறுறது நாடித்துடிப்பு. நிறைய ரத்தம் போன பிறகுதான் பிரஷர் இறங்கும். நடுராத்திரியில் அந்த முதல் அறிகுறியைப் பார்க்கிறவங்க நர்ஸ்தான். அவங்க தயங்கினா டாக்டருக்குத் தகவலே வராது.

சண்டையே இல்லாத வார்டு கிடையாது. லீவு, நைட் டூட்டி, ஆள் பற்றாக்குறைன்னு ஏதாவது ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கும். சம்பளமும் ஒரு காரணம். 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்த ஒப்பந்த நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவங்க சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரே வார்டில் ஒரே வேலைக்கு ரெண்டு விதமான சம்பளம் இருந்தா, சின்ன விஷயமும் தகராறாத்தான் வெடிக்கும். அந்தக் கோபத்தைத் தனிமனுஷங்க தலையில் மட்டும் கட்ட முடியாது.

ஆனா வெடிச்ச பிறகு அதை எப்படிக் கையாளுறோம்ங்கிறது நம்ம கையில்தான் இருக்கு. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ன்னு சொன்னா தகராறு தீராது. அடுத்த போன் கால்தான் வராமப் போகும்.

நல்லா நடக்கிற வார்டுகளில் நான் பார்த்தது இதுதான்: கண்டிக்கணும்னா தனி அறையில் கண்டிப்பாங்க. திட்டுறதுக்கு முன்னாடி “என்ன ஆச்சு சிஸ்டர்?”னு கேட்பாங்க. டூட்டி லிஸ்ட் முன்கூட்டியே சுவரில் இருக்கும், வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பார்க்க மாட்டாங்க. பனியில் பஸ் லேட்டானா யார் தங்குறது, அந்த நேரத்தை எப்படி ஈடுகட்டுறதுன்னு மழைக்காலத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சிருப்பாங்க. முக்கியமா, சந்தேகத்தில் கூப்பிட்டு ஒண்ணும் இல்லைன்னு ஆனாலும் “கூப்பிட்டது நல்லது”ன்னு டாக்டர் சொல்லிட்டுப் போவார். இதுக்கெல்லாம் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

உங்களுக்கும் இதில் பங்கு இருக்கு. ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினா தண்டிக்க 2008-ல் போட்ட தமிழ்நாடு சட்டம் இருக்கு, அது நர்ஸ்களுக்கும் பொருந்தும். ஆனா ஏளனமாப் பேசுறதை அந்தச் சட்டம் தடுக்காது. டாக்டர்கிட்ட காட்ட முடியாத கோபத்தை சிஸ்டர்கிட்ட காட்டுறது நம்ம ஊரில் ரொம்ப சாதாரணம்.

கேள்வி கேளுங்க, அது உங்க உரிமை. பதில் திருப்தியா இல்லையா, டூட்டி டாக்டரைக் கேளுங்க, கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்க. நர்ஸை வார்டு நடுவில் நிறுத்திக் கத்தாதீங்க. உங்க ஆளோட நாடியை ராத்திரி ரெண்டு மணிக்குப் பிடிச்சுப் பார்க்கப் போறது அவங்கதான்.