தண்ணீர் நின்ற அளவு

பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. கடல் எங்கோ இருக்கிறது, எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் இருந்தோம். ஆபத்து மேற்கிலிருந்து ஆற்றோடு வந்தது. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணையில் வந்து சேர, டிசம்பர் 2 விடிகாலையில் நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். அணைக்குக் கீழே தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் நாங்கள்.

"எந்திரிங்க, ஆறு தெருவுக்குள்ள வந்துடுச்சி" என்று யாரோ கத்திக்கொண்டே ஓடினார்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் இருந்த மஞ்சப்பை, பிள்ளைகள், என் செல்போன். கையில் வந்தது அவ்வளவுதான். பெரியம்மா மட்டும் நின்று ஆடுகளை அவிழ்த்துவிட்டு வந்தார். மேட்டில் ஏறி நின்றபோது இருட்டில் எதுவும் தெரியவில்லை. மண்சுவர் ஊறித் தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் ஒவ்வொரு வீடாகக் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில் வேன் வேனாகச் சாப்பாடு வந்தது. அந்தச் சோறு இல்லாவிட்டால் பிள்ளைகள் பட்டினிதான். கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வேனிலும் படம் எடுக்க ஒருவர் இருந்தார். பொட்டலத்தைப் பிடித்தபடி இந்தப் பக்கம் பாருங்கள் என்பார். வயசான ஆம்பளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். எத்தனை படத்தில் நாங்கள் இருக்கிறோமோ, அத்தனையிலும் நீட்டிய கைதான் இருக்கும்.

தண்ணீர் வடிந்ததும், கணக்கெடுக்க வருவார்கள், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள் என்றார்கள். எங்கள் தெருவில் நனையாமல் தப்பிய போன் என்னுடையது. அது வீடு வீடாகப் போய் வந்தது. திரும்பி வந்தபோது அதில் இருந்த படங்களை இன்னும் வைத்திருக்கிறேன். பெரியம்மா எடுத்தது அடுப்பு இருந்த இடம். மண் அடுப்பு கரைந்துபோய், தரையில் கரி மட்டும் வட்டமாக ஒட்டியிருந்தது. ஒரு பையன் தன் பள்ளிப் புத்தகங்களைக் கூரை ஓலைமேல் பிரித்துப்போட்டு எடுத்திருந்தான். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் ஒருவர், பக்கத்துத் தொகுப்பு வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு நேராகத் தன் மகளை நிறுத்தி எடுத்திருந்தார். கோடு அவள் தலைக்கு மேலே போகிறது. இதை எடுக்க வேண்டும் என்று எந்த வேன்காரருக்கும் தோன்றியிருக்காது.

லண்டனில் 'கஃபே ஆர்ட்' என்ற அமைப்பு 2015இல் வீடில்லாதவர்களிடம் 100 கேமராக்களைக் கொடுத்தது; 80 திரும்பி வந்தன, அந்தப் படங்களில் காலண்டர் அச்சிட்டார்கள். நம் பக்கத்தில், மீன் விற்ற தாயின் மகனான புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து வருகிறார். இதையெல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் தெரு யாரும் சொல்லாமலே அதைச் செய்திருந்தது.

அரசு அறிவித்த நிவாரணம் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 10,000. கணக்கெடுக்க வந்தவர் பெரியம்மாவிடம் கேட்டார்: "வீடு முன்னாடி எப்படி இருந்துது, போட்டோ எதனா இருக்குதாம்மா?" வெறும் சேற்றைக் காட்டி இதுதான் வீடு என்று எப்படிச் சொல்வது? பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அண்ணன் போனில் கிடைத்தது, பேத்தியின் மஞ்சள் நீராட்டுப் படம். அவளுக்குப் பின்னால் வாசல், திண்ணை, முழுச் சுவர். பெரியம்மா அதை வாங்கி, பேத்தியை விட்டுவிட்டு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றோரத்தில், ஏரிக்கரையில், புறம்போக்கில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் வீட்டை நாலு பக்கமும் படம் எடுங்கள். உள்ளே அடுப்பு, பெட்டி, பிள்ளைகள் படிக்கிற இடம் எல்லாம் எடுங்கள். வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அதை அனுப்பி, அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.