பிரிண்டர் சத்தமும் கம்பத்துக் கரண்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுக்குள் பிரிண்டர் நுழைகிறதென்றால் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்புதான் காரணம். காலேஜ் ப்ராஜெக்ட், கவுன்சிலிங் விண்ணப்பம், ஹால் டிக்கெட்... மற்ற நாளெல்லாம் துணி போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்கும். கடைசித் தேதிக்கு முதல் நாள் ராத்திரி பார்த்துத்தான் "பிரிண்டர் ஆஃப்லைன்" என்று கம்ப்யூட்டர் எச்சரிக்கும். பிரிண்டரோ "கரக்... கரக்..." என்று முனகும். வீடே பதறிப் போகும்!

கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ரிப்பேருக்கென்று பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனால், இங்க் டேங்க் பிரிண்டர் சாய்ந்து மை கொட்டும் ஆபத்து வேறு. அதற்கு முன் வீட்டிலேயே அரை மணி நேரம் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் பல நேரங்களில் பிரிண்டரில் கோளாறே இருக்காது. கரண்டில் இருக்கும்.

லோயர் கேம்ப்பில் பெரியாறு நீர்மின் நிலையம், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் என்று மின்சாரம் எடுக்கும் மாவட்டம் தேனி. ஆனாலும் 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனபோது தேனியும் தப்பவில்லை. அந்த நிலைமை இப்போது இல்லை. ஆனால் ஆடிக்காற்றில் மரம் முறிந்து கம்பி மேல் விழுந்தால் கரண்ட் போகத்தானே செய்யும்?

கரண்ட் திரும்பி வந்ததும் வைஃபை ரவுட்டர் பிரிண்டருக்குப் புது ஐபி முகவரி கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்திலேயே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர்தான் ஆஃப்லைன். ரவுட்டர், பிரிண்டர், கம்ப்யூட்டர் மூன்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, அப்போதும் சரியாகவில்லையென்றால் பட்டியலில் இருக்கும் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் போதும்.

கேபிளில் இணைத்திருந்தால் கதை வேறு. யுஎஸ்பி சொருகும்போதும் பிடுங்கும்போதும் விண்டோஸ் ஒரு சத்தம் கொடுக்கும். யாரும் தொடாமலே அது அடிக்கடி கேட்டால் கேபிள் ஆடுகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். வேறு ஓட்டையில் சொருகினால் சில பிரிண்டர்கள் 'காப்பி 1' என்ற பெயரில் இரண்டாவதாகத் தோன்றும். பழைய பெயருக்கே பிரிண்ட் கொடுத்தால் தாள் எப்படி வரும்? எக்ஸ்பி காலத்தில் "இந்தக் கருவி இன்னும் வேகமாக இயங்கும்" என்று ஒரு பலூன் வந்து பயமுறுத்தியது. யுஎஸ்பி 2.0 கருவியைப் பழைய 1.1 ஓட்டையில் சொருகியதுதான் காரணம். வேகம் குறையுமே தவிர ஆபத்து எதுவும் இல்லை.

இனி சத்தம். இங்க்ஜெட் பிரிண்டரை ஆன் செய்ததும் கொஞ்ச நேரம் கடமுடா என்று கேட்பது இயல்புதான். மை அடிக்கும் தலை தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. அணைக்கும்போது அந்தத் தலை ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடிக்குள் உட்கார வேண்டும். பிரிண்ட் ஆகிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனாலோ, பட்டனை விட்டுவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்தாலோ தலை பாதி வழியில் நின்றுவிடும். மூடியில்லாத பேனா மாதிரி மை காய்ந்துவிடும். பிறகு திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தே பாதி மை தீரும்.

தலை ஓரத்தில் போய் "டக் டக்" என்று இடித்தால், அது ஓடும் பாதைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைத் தலை அதைப் படித்துத்தான் அறிகிறது. காற்றுக் காலத்துப் புழுதியோ மையோ அதில் படிந்தால் குழம்பிப் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லேசாக ஈரமான மெல்லிய துணியால் மெதுவாகத் துடைக்கலாம். "கரக்" என்று தாள் சிக்கினால் புதுக் கட்டிலிருந்து தாள் எடுத்து வைத்துப் பார்க்கலாம். சாரல் ஈரம் குடித்த தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போகும்.

இத்தனையும் பார்த்தும் சத்தம் நிற்கவில்லையா? கருகிய வாடை வருகிறதா? உடனே நிறுத்திவிட்டுத் தேனி பஸ் ஏற வேண்டியதுதான். அப்போதும் திரையில் வந்த எச்சரிக்கையை அப்படியே எழுதி, சத்தத்தை செல்போனில் பதிவு செய்து கொண்டுபோவது நல்லது. "ஓடலைண்ணே" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். அதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விடும்!