மொத்தம் மறைப்பது

ஒன்பதாம் வகுப்பு புள்ளியியல்ல எந்த ஊர்னே தெரியாத எண்களை வெச்சுத்தான் பசங்க கணக்குப் போடறாங்க. நாம குடியிருக்கற மும்பையையே கொடுத்துப் பாருங்களேன்! 2001-லேர்ந்து 2011-க்குள்ள ஜனத்தொகை சுமார் 4 சதவீதம் கூடியிருக்கு. மாவட்டவாரியாப் பிரிச்சா கதையே வேற. நகர மாவட்டம் 33.4 லட்சத்துலேர்ந்து 30.9 லட்சமாக் குறைஞ்சிருக்கு, புறநகர் 86.4-லேர்ந்து 93.6 லட்சமா ஏறியிருக்கு. மொத்தத்தை மட்டும் பார்த்தா இது தெரியவே தெரியாது.

2011-ல நகர மாவட்டத்துல ஆயிரம் ஆண்களுக்கு 832 பெண்கள்தான். "ஏம்ப்பா இவ்ளோ கம்மி?"ன்னா பொண்ணு. பிழைக்க வர்றவங்கள்ல பலர் குடும்பத்தை ஊர்ல விட்டுட்டுத் தனியா வர்றாங்கம்மா. அந்த பிப்ரவரியில மாட்டுங்கா அறையில நானும் தனி ஆள். உன்னை வயித்துல சுமந்துக்கிட்டு அம்மா ஊர்ல இருந்தா.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் தானாவே புறநகருக்கும் பார்த்தா: 860.