நாளைக்கு யார்றா ஜெயிப்பா?

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். டெட்ராய்ட் எங்கே இருக்குன்னு மேப்ல காட்டச் சொன்னா, இப்பவும் நான் விரலை நாலு சுத்து சுத்திட்டுத்தான் வைப்பேன். ஆனா, அந்த ஊர் பேஸ்கட்பால் டீம் நாளைக்கு ஜெயிக்குமா, தோக்குமான்னு ஒண்ணரை வருஷம் அமெரிக்காக்காரங்களுக்கே எழுதிக் கொடுத்தவன் நான். எங்கேருந்து? தரமணியிலேருந்து!

பகல்ல காலேஜ். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டைடல் பார்க் சிக்னலைத் தாண்டி ஒரு பில்டிங்ல மூணாவது மாடி. அமெரிக்க வாசகர்களுக்கு மேட்ச் ப்ரிவ்யூ எழுதித் தர்ற கம்பெனி. அக்டோபர் வந்தா என்.பி.ஏ. பேஸ்கட்பால், மார்ச் கடைசியில பேஸ்பால். நானூறு வார்த்தை, கடைசி வரியில 'இந்த டீம்தான் ஜெயிக்கும்'னு ஒரு தீர்ப்பு. ஒண்ணுக்கு 150 ரூபாய். 2018 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மேட்ச் மேல பந்தயம் கட்டறதை அந்தந்த மாநிலமே அனுமதிச்சுக்கலாம்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் அங்கே 'நாளைக்கு யார்?'ங்கற கேள்விக்கு பயங்கர கிராக்கி. கிராக்கி இருக்கற சரக்கை மலிவா எழுதித் தர ஆள் வேணும்ல? அந்த ஆள்தான் நான்!

இன்டர்வியூல டீம் லீட் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "பேஸ்கட்பால் தெரியுமா?"

"ஊரு பெரியகுளம்க்கா"ன்னேன். அவங்களுக்குப் புரியலை. உங்களுக்காவது புரியணும். தேனி பக்கம் கோடை விடுமுறைன்னா, பெரியகுளம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துற அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிதான். ஐ.ஓ.பி., இந்தியன் நேவின்னு பெரிய பெரிய டீம் எல்லாம் எங்க ஊருக்கு வந்து ராத்திரி லைட் வெளிச்சத்துல ஆடும். எங்க மாமா மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போய் உட்கார்ந்துடுவார். வார்ம்-அப்பைப் பார்த்துட்டு, "அந்த ஆறாம் நம்பர்க்காரன் வலது காலை ஊனலை பாரு. இன்னிக்கு நேவி சிரமப்படும்"பார். பாதி நாள் சரியா இருக்கும். தப்பானாலும் மாமாவுக்குக் கவலை இல்லை. பந்தயம் ஒரு சுக்குமல்லிக் காபிதானே!

தரமணியில அந்த வார்ம்-அப்பைப் பார்க்க முடியாது. ஸ்க்ரீன்ல நம்பர் மட்டும்தான். நேத்து ராத்திரி ஆடிட்டு இன்னிக்கு வேற ஊர்ல ஆடற டீமா? காயம்பட்டவங்க லிஸ்ட்ல யார் பேர் இருக்கு? சொந்த ஊர் மேட்ச்சா? பேஸ்கட்பால்ல இதைப் பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சுது. ஒரு மேட்ச்ல ரெண்டு டீமும் நூறு தடவைக்குப் பக்கமா பந்தை எடுத்துட்டுப் போறாங்க. அத்தனை தடவை முயற்சி பண்றப்போ நல்ல டீம் தன் தரத்தைக் காட்டிடும்.

பேஸ்பால் வேற ரகம். அங்கே முதல் கேள்வியே 'இன்னிக்கு பந்து போடறது யார்?'தான். முதல்ல இறங்குற பிட்சர் ஒரு மேட்ச் போட்டா, அடுத்து நாலஞ்சு நாள் கை ஓய்வு. அதனால ஒரே டீம் திங்கட்கிழமை புலி, செவ்வாய்க்கிழமை பூனை. மைதானமும் ஆளை மாத்தும். டென்வர் மைதானம் கடல் மட்டத்துலேருந்து ஒரு மைல் உயரம். காத்து லேசு, அடிச்ச பந்து போய்க்கிட்டே இருக்கும். சிகாகோ ரிக்லி ஃபீல்டுல ஏரிக்காத்து உள்ளே அடிச்சா, வெளியே போக வேண்டிய பந்து கையில வந்து விழும். நம்ம சேப்பாக்கம் பிட்ச் மாதிரின்னு வெச்சுக்கோங்க. சீசனுக்கு 162 மேட்ச். 2001-ல சியாட்டில் மரைனர்ஸ் 116 ஜெயிச்சு சாதனை பண்ணினாங்க. அவங்களே 46 தோத்தாங்க! அப்பேர்ப்பட்ட விளையாட்டுல 'கண்டிப்பா இவங்கதான்'னு எழுதறதுக்குத் தனி தைரியம் வேணும். 150 ரூபாய்க்கு அந்த தைரியம் எனக்கு வந்துச்சு.

'வரலாம்', 'வாய்ப்பு உண்டு' எல்லாம் எழுதக் கூடாது. "தெரியாதுன்னு சொல்றவனைப் படிக்க யாருப்பா வருவா?"ன்னு அக்கா சொல்வாங்க. நானும் அடிச்சு விட்டேன். முதல் நூறு மேட்ச்ல 63 சரி. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். அப்புறம் ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தா, கண்ணை மூடிக்கிட்டு பாயின்ட்ஸ் டேபிள்ல மேலே இருக்கற டீமையே எழுதியிருந்தாலும் கிட்டத்தட்ட அதே நம்பர்தான் வருது. காலரை இறக்கி விட்டுக்கிட்டேன்.

இனி மேட்டருக்கு வர்றேன்.

2023 சீசன்ல எனக்கு லட்டு மாதிரி ஒரு டீம் கிடைச்சது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். முதல் மூணு மேட்ச்ல ரெண்டு ஜெயிச்சாங்க. அப்புறம் தோல்வி, தோல்வி, தோல்வி... நிக்கவே இல்லை. எங்களுக்கெல்லாம் அது அட்சய பாத்திரம். பேரையும் தேதியையும் மாத்து, 'பிஸ்டன்ஸ் தோக்கும்'னு முடி, 150 ரூபாய். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தப்போ கரன்ட் இல்லை, ஆபீஸ் இல்லை. போன்ல மிச்சமிருந்த சார்ஜ்ல நான் தேடிப் பார்த்தது பிஸ்டன்ஸ் ஸ்கோர்தான். தோத்திருந்தாங்க. அப்பாடா!

என் ரூம்மேட்டும் இந்தப் பக்கத்து ஆள்தான். சிவில் மூணாவது வருஷம். கானகத்துல பத்துக்குப் பத்து ரூம்ல ரெண்டு பாய், ஒரு ஃபேன், ஒரு பக்கெட். என் ப்ரிவ்யூவை முதல்ல படிக்கறது அவன்தான். "இன்னிக்கு யார்றா?"ன்னு கேப்பான். நானும் ஜோசியக்காரன் கணக்கா அள்ளி விடுவேன். ஆசையாத்தான் கேக்கறான்னு நினைச்சேன். பணம் வெச்சு ஆடற ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்ல தடைச் சட்டம் வந்து அப்போ எட்டு மாசம் ஆகியிருந்தது. ஆனா போன்ல வழி தேடறவனுக்கு வழி கிடைச்சுடுது.

டிசம்பர் 30, சனிக்கிழமை. அன்னிக்கு ராத்திரி எழுத வேண்டியதுல ஒண்ணு பிஸ்டன்ஸ் - டொரன்டோ ரேப்டர்ஸ். அதுக்குள்ள பிஸ்டன்ஸ் தொடர்ச்சியா 28 தோத்தாச்சு. ஒழுங்கா எழுதறவனா இருந்தா ஒண்ணு கவனிச்சிருப்பேன். கடைசித் தோல்வி போஸ்டன்ல. அந்த சீசன்ல அடிச்சு நொறுக்கிக்கிட்டிருந்த டீமுக்கு எதிரா, ஒரு கட்டத்துல 21 பாயின்ட் முன்னாடி இருந்து, ஓவர்டைம்ல 122-128னு தோத்திருந்தாங்க. செத்த டீம் அப்படி ஆடாது. மாமாவா இருந்தா அந்த ஆட்டத்தைப் பார்த்துட்டு சும்மா இருந்திருக்க மாட்டார். நான் '28' மட்டும்தான் பார்த்தேன். 'இந்த வாரத்தின் சுலபமான கணிப்பு'ன்னு தலைப்பு வெச்சேன். ஒன்பது மணிக்கு அனுப்பிட்டு எழுந்துட்டேன். நியூ இயர் வருது பாருங்க, எல்லாருக்கும் அவசரம்.

சைக்கிள்ல டீ விக்கற அண்ணன்கிட்ட கப்பை வாங்கும்போது போன் மினுக்குச்சு. ரேப்டர்ஸ் தன்னோட முக்கியமான ஆள் ஓ.ஜி. அனுனோபியையும் இன்னும் ரெண்டு பேரையும் நியூயார்க்குக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க! பதிலுக்கு வர்ற ஆளுங்க அன்னிக்கு மேட்சுக்கு வந்து சேர மாட்டாங்க. அதாவது, நான் ஜெயிக்கும்னு எழுதின டீம்ல மூணு பேர் திடீர்னு இல்லை.

எங்க ஆபீஸ்ல ஒரு விதி உண்டு. ஆள் மாறினா ப்ரிவ்யூவைத் திருத்தணும், எந்நேரமா இருந்தாலும். மேலே போய் கம்ப்யூட்டரை ஆன் பண்ண பத்து நிமிஷம், எழுத இருபது நிமிஷம். நான் டீயைக் குடிச்சேன். 'இருந்தா என்ன? பிஸ்டன்ஸ் எப்படியும் தோக்கத்தான் போறாங்க'ன்னு ரூமுக்கு நடந்துட்டேன். அவன் முழிச்சுத்தான் இருந்தான். "டெட்ராய்ட் உறுதிதானே மாப்ள?"ன்னான். "கண்ணை மூடிக்கிட்டு தூங்கு"ன்னேன்.

இதைத்தான் என்னால இன்னும் ஜீரணிக்க முடியலை.

காலையில எழுந்தப்போ அவன் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தான். பிஸ்டன்ஸ் 129, ரேப்டர்ஸ் 127. கேட் கன்னிங்ஹாம் 30 பாயின்ட். டெட்ராய்ட்ல கப் வாங்கின மாதிரி கொண்டாடிக்கிட்டிருந்தாங்க. இங்கே ஒருத்தன் செமஸ்டர் ஃபீஸ் 18,000 ரூபாயை விட்டுட்டு உட்கார்ந்திருக்கான். அஞ்சு மேட்ச்சைச் சேர்த்து ஒரே பந்தயம். அஞ்சும் நடந்தா பல மடங்கு, ஒண்ணு தப்பினா பூஜ்யம். மத்த நாலும் நான் எழுதின மாதிரியே முடிஞ்சிருந்தது.

இந்த 'அஞ்சும் சேர்த்து' விவகாரத்தைக் கொஞ்சம் பார்த்துடுவோம். ஒவ்வொரு மேட்ச்சும் நூத்துக்கு 80 உறுதின்னே வெச்சுக்கோங்க. அஞ்சும் ஒரே ராத்திரி நடக்க எவ்வளவு வாய்ப்பு? 80-னு வாய் வரைக்கும் வரும். பெருக்கிப் பாருங்க, 33தான். மூணுல ரெண்டு தடவை பணம் காலி. சரி, ஒத்தை மேட்ச்சா கட்டினா? ரெண்டு பக்கமும் சமமா வர்ற மாதிரி ஒரு கோட்டைப் போட்டு, 110 ரூபாய் வெச்சா 100 ரூபாய் லாபம்னு தர்றதுதான் அங்கே வழக்கம். நூத்துக்கு 52.4 தடவை சரியா சொன்னாத்தான் கையைக் கடிக்காது. பாதிக்குப் பாதி சரியா சொல்றவன் மெதுவா, ஆனா நிச்சயமா போண்டி. இந்தக் கணக்கு எனக்கு முன்னாடியே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அவன்கிட்ட சொல்லணும்னு தோணலை. ஜோசியக்காரன் வேஷம் அவ்வளவு நல்லா இருந்தது.

டீ கடை சமாசாரத்தை அன்னிக்கே சொல்லிட்டேன். திட்டுவான்னு நினைச்சேன். அவன் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்தான். "நீ திருத்தி எழுதியிருந்தா மட்டும் பிஸ்டன்ஸ் ஜெயிக்கும்னா எழுதியிருப்ப?"ன்னான்.

யோசிச்சுப் பார்த்தேன். எழுதியிருக்க மாட்டேன். 'தோக்கும், ஆனா கொஞ்சம் கஷ்டப்பட்டு'ன்னு எழுதியிருப்பேன். அப்பவும் அவன் கட்டியிருப்பானோ என்னவோ. ஆனா, "மூணு பேர் இல்லைடா, ஜாக்கிரதை"ன்னு ரூமுக்குள்ள சொல்ல காசா, பணமா? அதையும்தானே சொல்லலை.

ஃபீஸ்ல பாதியை நான் கட்டினேன். கணக்குப் போட்டா அறுபது ப்ரிவ்யூ. மீதிக்கு அவன் போனை வித்தான். வீட்ல 'தொலைஞ்சு போச்சு'ன்னு சொன்னான். அவங்க அம்மா என்கிட்ட, "ஊர்ல கூட்டம் ஜாஸ்தி, நீயாச்சும் பத்திரமா இருய்யா"ன்னாங்க. சரிம்மான்னேன். வேற என்ன சொல்றது? அதுக்கப்புறம் ஏழு மாசம், அவன் என்னை 'நாளைக்கு யார்?'னு ஒரு தடவைகூட கேக்கலை. நானும் சொல்லலை. ரூம்ல அந்தப் பேச்சே செத்துப் போச்சு.

ஏப்ரல்ல அதே ரேப்டர்ஸ் டீமைச் சேர்ந்த ஜான்டே போர்ட்டரை என்.பி.ஏ. வாழ்நாள் தடை பண்ணுச்சு. தன்னோட உடம்பு நிலைமையைப் பந்தயக்காரங்களுக்கு முன்கூட்டியே சொன்னதும், பாதி ஆட்டத்துல உடம்பு சரியில்லைன்னு வெளியே வந்ததும்தான் குற்றம். காயம்பட்டவங்க லிஸ்ட்ல ஒரு வரிக்கு அங்கே அவ்வளவு விலை. அந்தச் செய்தியைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது என் டீ கப்தான்.

பேஸ்பால் சீசன் ஆரம்பிச்சதும் அக்காகிட்ட போய், கடைசி வரியில நம்பர் போட்டுக்கறேன்னு கேட்டேன். 'இவங்க ஜெயிப்பாங்க'க்குப் பதிலா 'இவங்களுக்கு நூத்துல 58'. அக்கா முதல்ல ஒத்துக்கலை. "இது என்ன, வானிலை அறிக்கையா?" ஆமாக்கா, அதேதான்னேன். கடைசியில தலைப்புல வேண்டாம், உள்ளே போட்டுக்கோன்னாங்க. அதுவே பெரிய விஷயம். (2025 ஆகஸ்ட்ல மத்திய அரசும் பணம் வெச்சு ஆடற ஆன்லைன் கேம்களுக்கு நாடு முழுக்கத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. அப்போ நான் அந்த வேலையை விட்டிருந்தேன்.)

2024 ஆகஸ்ட் 6. இந்தத் தடவை லட்டு டீம் சிகாகோ ஒயிட் சாக்ஸ். தொடர்ச்சியா 21 தோல்வி. எதிர்ல ஓக்லாண்ட். ஆபீஸ் முழுக்க 'தோக்கும்'னு தட்டிக்கிட்டிருந்தாங்க. நான் 21-ஐ மறைச்சு வெச்சுட்டு மத்ததைப் பார்த்தேன். ஓக்லாண்டும் ஒண்ணும் பெரிய டீம் இல்லை. நூத்துல நாப்பதுன்னு எழுதினேன். ரெண்டு தடவை காயம்பட்டவங்க லிஸ்ட்டைப் பார்த்துட்டுத்தான் இறங்கினேன்.

கீழே டீ சைக்கிள் பக்கத்துல அவன் நின்னுக்கிட்டிருந்தான். ப்ராஜெக்ட் ஜெராக்ஸ் எடுக்க வந்தானாம். ரெண்டு பேரும் டீ வாங்கினோம். சும்மா நின்னோம். அப்புறம் எங்கேயோ பார்த்துக்கிட்டே கேட்டான்.

"நாளைக்கு யார்றா?"

"ஒயிட் சாக்ஸுக்கு நூத்துல நாப்பது."

"அப்போ தோக்கும்ங்கற?"

"அப்படிச் சொல்லலைடா."

"ஜெயிக்கும்ங்கறியா?"

"அப்படியும் சொல்லலை."

"இதுக்கு உனக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?"

டீ அண்ணனே சிரிச்சுட்டார். மறுநாள் காலையில ஒயிட் சாக்ஸ் 5-1னு ஜெயிச்சது வேற கதை. அந்த சீசன்ல அவங்க 121 தோத்து, நவீன பேஸ்பால்ல அதுவரைக்கும் யாரும் தோக்காத அளவுக்குத் தோத்தாங்க. ஆனாலும் 41 ஜெயிச்சிருந்தாங்க.

அன்னிக்கு ரெண்டு டீக்கும் காசை அவன்தான் கொடுத்தான்.