ஒரு டம்ளர் ஜூஸும் பரணில் ஏறிய மிஷினும்

தீபாவளித் தள்ளுபடியில் ஆசை ஆசையாய் வாங்கி, பொங்கலுக்குள் பரணுக்கு ஏறிவிடும் சமையலறைச் சாமான் எது என்று கேட்டால் பல வீடுகளில் ஒரே பதில் தான் வரும். ஜூஸர்!

மதுரையில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. வாங்கிய புதிதில் காலையில் கேரட் ஜூஸ், மாலையில் ஆப்பிள் ஜூஸ் என்று வீடே அமர்க்களப்பட்டது. எல்லாம் ஒன்பது நாள் தான். பத்தாம் நாள், சல்லடையில் காய்ந்து ஒட்டிப்போன கேரட் சக்கையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கொண்டிருந்தவருக்கு அலுத்துவிட்டது. துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்தார். பெட்டி பரணுக்குப் போனது. பிறகு இறங்கவே இல்லை.

அந்த ஜூஸர் மறுபடி நினைவுக்கு வந்தது, கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு தான். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் செய்தி கேட்டதும் பதறிப் போனான். "அப்பாவுக்குத் தினமும் பிரெஷ் ஜூஸ் போட்டுக் குடும்மா. இப்ப கோல்ட் பிரஸ்னு ஒரு ஜூஸர் வருது. சத்து எதுவும் போகாதாம். பணம் அனுப்புறேன், நல்லதாப் பார்த்து வாங்கிரு" என்றான். சொன்னபடியே 15,000 ரூபாய் அனுப்பியும் வைத்தான். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அப்பாவின் உடம்புக்காகச் செய்ய முடிந்தது அது தான்.

ஆசிரியை அல்லவா? ஒரு தடவை தோற்ற பாடத்தில் மறுபடியும் தோற்க அவருக்கு மனமில்லை. கடைக்குப் போனவர் விலையைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மிஷினும் எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னார். கடைப் பையனும் பொறுமைசாலி. "நாலு வகை இருக்கும்மா" என்று ஆரம்பித்தான்.

முதல் வகை, எல்லா வீட்டிலும் இருக்கும் மிக்ஸியும் அதன் உறவுக்காரரான பிளெண்டரும். இரண்டிலும் பிளேடு சுற்றும், போட்டதெல்லாம் அரைபடும். சக்கை தனியாகப் பிரியாது. ஸ்மூத்தி என்று சொல்வது இப்படி அரைத்த பானத்தைத் தான். பிளெண்டர் அமெரிக்காவில் பிறந்தது. 1922-ல் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் சோடாக் கடைகளில் மால்ட் பானம் கலக்குவதற்காக அதற்குக் காப்புரிமை வாங்கினார். மிக்ஸியோ நம்மூர் சமையலுக்கென்றே உருவானது. 1960களில் மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், வெளிநாட்டு மிக்ஸர் இந்தியச் சமையலுக்குத் தாங்கவில்லை என்று கண்டு, அதிக வலுவுள்ள மோட்டாரோடு 'சுமீத்' மிக்ஸியைக் கொண்டு வந்தார். உளுந்தும் தேங்காயும் அரைக்கிற 500, 750 வாட்ஸ் மோட்டாருக்கு ஒரு வாழைப்பழமும் நாலு பேரீச்சம்பழமும் ஒரு வேலையே இல்லை. ஐஸ் கட்டியை அரைக்கலாமா என்பதை மட்டும் கையேட்டில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது சென்டிரிபியூகல் ஜூஸர். பரணில் இருப்பது இது தான். உள்ளே பல் வைத்த தட்டும் அதைச் சுற்றிச் சல்லடைக் கூடையும் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும். பழம் துருவப்பட்டு, சாறு சல்லடை வழியே தெறித்து வெளியே வரும். வேகமான வேலை. ஆனால் சத்தம் அதிகம், நுரை அதிகம், புதினா, கீரை போன்ற இலைகளில் சாறு சரியாக வராது.

மூன்றாவது, மகன் சொன்ன கோல்ட் பிரஸ். திருகு போன்ற ஒரு தண்டு நிமிடத்துக்கு 40 முதல் 80 முறை வரை மெதுவாகச் சுற்றி, பழத்தை நசுக்கிப் பிழியும். கரும்பு மிஷின் ஞாபகம் வருகிறதா? கிட்டத்தட்ட அந்த வேலை தான். சத்தம் குறைவு, நுரை குறைவு, இலையையும் பிழிந்துவிடும். சக்கையும் நன்றாகக் காய்ந்து வெளியே வரும். விலை மட்டும் அதிகம்.

நாலாவது, எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுக்கான பிழிவான். கையால் அழுத்துவதும் உண்டு, சின்ன மோட்டார் வைத்ததும் உண்டு. அரை நிமிடத்தில் கழுவி வைத்துவிடலாம்.

பையன் கோல்ட் பிரஸ்ஸில் ஒரு ஆப்பிளும் இரண்டு கேரட்டும் போட்டுக் காட்டினான். ஒரு பக்கம் அழகான ஜூஸ் வந்தது. இன்னொரு பக்கம் ஒரு கிண்ணம் நிறையச் சக்கை வந்தது. ஆசிரியையின் கண் ஜூஸ் மேல் இல்லை, சக்கை மேல் இருந்தது. "தம்பி, இதை என்ன செய்யுறது?" என்று கேட்டார். "குப்பையில போட்டுரலாம்மா, செடிக்கும் போடலாம்" என்றான் அவன்.

அங்கே தான் அவருக்கு உறைத்தது. அந்தக் கிண்ணத்தில் இருந்தது நார்ச்சத்து. மிஷின் வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் பெரும்பாலான நார் சக்கையோடு போய்விடுகிறது. டம்ளருக்குள் வருவது தண்ணீர், கொஞ்சம் வைட்டமின்கள், அப்புறம் பழத்தில் இருந்த சர்க்கரை. ஒரு ஆரஞ்சு சாப்பிட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று ஆரஞ்சு வேண்டும், அதையோ ஒரே நிமிடத்தில் குடித்துவிடலாம்! உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சர்க்கரை பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், தேன், சர்க்கரைப் பாகு இவற்றோடு பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் தான் சேர்த்திருக்கிறது. முழுப் பழத்தில் உள்ளதை அப்படிச் சேர்க்கவில்லை. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் ஜூஸை விட முழுப் பழமே நல்லது என்கிறது.

அவர் எதுவும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த முறை கணவரோடு டாக்டரிடம் போனபோது இதைக் கேட்டார். "ஜூஸ் வேண்டாம்மா. பழமாவே சாப்பிடட்டும், அதுவும் அளவா" என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அப்படியானால் சக்கை பிரியாத ஸ்மூத்தி குடிக்கலாமா என்ற கேள்வி வரும். ஜூஸை விட அது பரவாயில்லை. ஆனாலும் அரைத்ததைக் குடிப்பது மென்று சாப்பிடுவதைப் போல ஆகாது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை ஜூஸ், ஸ்மூத்தி இரண்டும் சேர்த்தே ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. அது ஒரு சின்ன டம்ளர் தான். பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் சேர்த்தால் அது ஸ்மூத்தி அல்ல, மில்க் ஷேக்!

காய்கறி ஜூஸிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சர்க்கரைக்கு நல்லது என்று பலர் சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறார்கள். சில சுரைக்காய்கள் கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் ஒரு நச்சுப் பொருள். கசந்த ஜூஸைக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு. பிழிவதற்கு முன் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் வேறு எதையும் கலந்து கசப்பை மறைக்காமல், அப்படியே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கடைசியில் அந்த வீட்டுக்கு வந்தவை இரண்டே பொருட்கள். பழைய மிக்ஸிக்குச் சல்லடைக் குழாய் வைத்த ஒரு புது ஜூஸ் ஜார், கையால் அழுத்தும் ஒரு எலுமிச்சைப் பிழிவான். கணவருக்குக் காலையில் வெள்ளரியும் கறிவேப்பிலையும் சேர்த்து அரைத்த மோர், மாலையில் அளவாக நறுக்கிய கொய்யா. மிச்சப் பணத்தை ரத்தப் பரிசோதனைச் செலவுக்கு என்று தனியாக எடுத்து வைத்தார்.

மகனுக்கு முதலில் வருத்தம் தான். "நான் ஆசையா அனுப்புனேன்மா..." என்றான். "உன் ஆசையை வச்சுக்கிட்டேன்டா. மிஷினைத் தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றார் அம்மா.

இதனால் ஜூஸரே வீண் என்று அர்த்தமில்லை. மென்று சாப்பிட முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும், தினமும் காய்கறிச் சாறு குடிக்கும் பழக்கம் ஏற்கனவே உள்ளவர்களுக்கும் அது உதவும். வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மிக்ஸிக்கும் சென்டிரிபியூகல் ஜூஸருக்கும் ஐ.எஸ். 4250 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, முழு மிஷினுக்குமா? வாஷரும் சல்லடையும் உள்ளூரிலேயே தனியாகக் கிடைக்குமா? நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓட்டலாம்? கழற்றிக் கழுவ வேண்டிய பாகங்கள் எத்தனை? கடைசிக் கேள்விக்குப் பதிலைக் கடையிலேயே ஒரு முறை கழற்றி மாட்டிப் பார்த்துத் தெரிந்து கொள்வது நல்லது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. குடிக்கப் போவது யார்? கழுவப் போவது யார்? இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், எந்த மிஷின் வேண்டும் என்பதும், மிஷினே வேண்டுமா என்பதும் தானாகவே தெரிந்துவிடும். பதில் கிடைக்காவிட்டால், பரணில் இன்னொரு பெட்டிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டியது தான்!