நோர்மண்டியில் எஞ்சிய கண்ணாடி

பிரான்சின் வடபால் ஆங்கிலக் கால்வாயை நோக்கிக் கிடக்கும் நோர்மண்டியைக் காணச் சென்றவிடத்து, போர் விழுங்கிய நகரங்களை மனிதர் மீட்ட இருவேறு முறைகளைக் கண்டேன்.

செயின் நதியின் முகத்துவாரத்தில் உள்ளது லு ஆவ்ர். 1944 செப்டெம்பரில், ஜேர்மனியரிடமிருந்து அதனை விடுவிக்க வந்த பிரித்தானிய விமானங்களே நகரின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கின. ஓகுஸ்த் பெரே என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி அது கொங்கிறீற்றினாற் புதிதாக எழுந்தது. பழைமையின் சாயலை ஆங்குத் தேடுதல் வீண். எனினும், மாண்டோர் நினைவாக 107 மீற்றர் உயர்ந்து நிற்கும் புனித சூசையப்பர் தேவாலயக் கோபுரத்தினுள், வண்ணக் கண்ணாடிகளினூடு இறங்கும் ஒளியில் நின்றபோது, கொங்கிறீற்றுக்கும் துயரைச் சொல்லத் தெரியும் என உணர்ந்தேன்.

நதிவழியே உள்நாட்டுக்குச் சென்றால் ரூவான். 1431இல் ஜோன் ஒவ் ஆர்க் எரிக்கப்பட்ட பழஞ்சந்தைச் சதுக்கத்தில், 1979இல் நிறைவுற்ற தேவாலயம் ஒன்றுண்டு. அதன் சாளரக் கண்ணாடிகளோ 16ஆம் நூற்றாண்டுக்குரியவை. அவை முன்னர் அணிசெய்தது புனித வின்சென்ற் ஆலயத்தை. 1939இலேயே அவற்றைக் கழற்றிப் பாதுகாத்து வைத்தனர். 1944இல் ஆலயம் குண்டுக்கு இரையாயிற்று. கல் வீழ்ந்தது, கண்ணாடி எஞ்சியது.

அழிந்தபின் கட்டுதல் அரும்பணியே. ஆயினும், அழிவு வருமுன் எதனைக் கழற்றிக் காப்பது என அறிந்து செயற்பட்டோருக்கே அந்நகர் பெரிதும் கடன்பட்டுள்ளது என்பேன்.