வங்குக்கு ஆகிற மரம்

நெல்லைப் பேட்டையில் எங்கள் மர வாடிக்கு வருகிறவர்கள் நேரான மரம்தான் கேட்பார்கள். நிலை, கதவு, கட்டில், உத்தரம், எதுவானாலும் கணுவில்லாத கட்டையாகப் பார்த்து, தட்டிக் கேட்டு, கன அடி விலை பேசி அறுத்துக்கொண்டு போவார்கள். தூத்துக்குடியிலிருந்து வருகிற ஓடாவி, அதாவது படகு கட்டுகிற தச்சர், மட்டும் வாடியின் பின்பக்கம் போவார். விறகுக்கென்று ஒதுக்கிய வளைசல் கட்டைகள் அங்கேதான் கிடக்கும். அதில் ஒன்றைப் புரட்டிப் போட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தால், தோணியில் அது எந்த இடத்தில் உட்காரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்பா காலத்திலிருந்து நடக்கிற இந்த வியாபாரத்தில் நான் பெரிதாக மதிக்கிற வித்தை அந்தப் பார்வைதான். கடலைவிட்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற ஊரில், படகுக்கு ஆகிற மரத்தை அது உயிரோடு நிற்கும்போதே அடையாளம் காண நானும் பழகியிருக்கிறேன்.

தோணியின் அடியில் நீளவாக்கில் ஓடுவது ஏரா. அதிலிருந்து முன்னால் அணியமும் பின்னால் அமரமும் எழும்பும். இரண்டு பக்கமும் பலகைகளைத் தாங்கி உடம்புக்கு வடிவம் கொடுப்பவை வங்குகள். அகலமான நேர்க்கட்டையிலிருந்தும் வளைவாக ஒரு வங்கை அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் வளைகிற இடத்தில் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். அலை அடிக்க அடிக்க அங்கேதான் முதல் விரிசல் விடும். வளைந்தே வளர்ந்த மரத்தில் நார் வளைவோடு கூடவே ஓடுகிறது. அது லேசில் பிளக்காது. அதனால்தான் ஓடாவிக்குக் கோணல் வேண்டும். அதுவும் ஏதோ ஒரு கோணல் போதாது. அணியத்துப் பக்கம் இறுக்கமான வளைவு, நடுவயிற்றில் அகன்று படுத்த வளைவு என்று இடத்துக்கு இடம் மாறும்.

இதற்கு நாட்டுக் கருவைக்கு மேல் ஒரு மரம் எங்கள் பக்கத்தில் கிடையாது. கனம், கெட்டி, தண்ணீர் பட்டும் சீக்கிரம் மக்காத குணம் மூன்றும் அதற்கு உண்டு. இன்னொன்றும் உண்டு, அது குளத்துக்குள் வளர்கிற மரம். பேட்டைக்கு மேற்கே சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லைக் கால்வாய், பேட்டை வழியாக டவுனுக்குள் போய் நயினார்குளம் வரை வழியிலுள்ள குளங்களை நிரப்புகிறது. குளம் பெருகும்போது சேறு இளகி மரம் சாயும். வற்றியதும் நுனி வெளிச்சத்தைத் தேடி மறுபடி மேலே எழும்பும். அடுத்த வருடம் திரும்பச் சாயும், திரும்ப எழும்பும். சாய்வும் எழும்பலும் சேர்கிற இடத்தில் கிடைக்கிற வளைவை எந்தத் தச்சனாலும் செய்ய முடியாது. தாமிரபரணித் தண்ணீர்தான் தோணிக்கு முதல் ஓடாவி என்று நான் நம்புகிறேன்.

சித்திரை, வைகாசியில் குளங்கள் காய்ந்து கிடக்கும்போது மரம் பார்க்கப் போவேன். ஓடாவி படகுக்குள் இறங்கி, தேவையான வளைவுக்கு மெல்லிய இரும்புக் கம்பியை வளைத்துக் கொடுத்திருப்பார். அந்தக் கம்பியைக் கைநீட்டிப் பிடித்து, தூரத்து மரத்தின் மேல் பொருத்திப் பார்த்துக்கொண்டே கரையைச் சுற்றி நடப்பேன். பொருந்தினால் கிட்டே போய்ப் பட்டையைத் தடவி, பொந்து இருக்கிறதா, கிளை முறிந்த இடத்தில் தண்ணீர் இறங்கி உள்ளே செல்லரித்திருக்கிறதா என்று பார்ப்பேன். குளத்து மரத்தை ஏலத்தில் எடுக்க வேண்டும். புறம்போக்கு மரத்தை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. ஆற்றங்கரை மருத மரங்களை நான் பார்ப்பதே இல்லை, அவை நிற்கிற இடத்தில் நிற்க வேண்டியவை. வெட்டுவது தேய்பிறையில், அப்போது வெட்டின மரத்தில் வண்டு விழாது என்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு. வெட்டியதும் பட்டையை உரித்து, வெட்டுமுகத்தில் சாணி பூசி நிழலில் போட வேண்டும். வெயிலில் கிடந்தால் வெட்டுமுகத்திலிருந்து வெடிப்பு உள்ளே ஏறிவிடும்.

பலகைக்கு வேறு மரம். ஐனி பெரும்பாலும் கேரளத்திலிருந்து செங்கோட்டை வழியாக வரும். நீளமாக, நேராக, உப்புத் தண்ணீருக்குச் சளைக்காத மரம். டிம் செவரின் 1980-இல் ஓமானில் சோகார் என்ற பாய்க்கப்பலைக் கட்டியபோது மலையாளக் கரையிலிருந்து இந்த ஐனியைத்தான் வாங்கிப் போனார். பலகைகளை ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்து, சீனாவின் காண்டன் வரை அடுத்த ஆண்டு ஓட்டியும் காட்டினார். நம் தோணிக்காரர்கள் தைப்பதில்லை, ஆணிதான் அடிப்பார்கள். பலகையை நனைத்து, கீழே தீ மூட்டி, சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து வங்கோடு சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் ஓடாவியிடம் யாரும் பேச மாட்டார்கள். வரைபடம் எதுவும் அவர் கையில் இருக்காது. நீளமும் அகலமும் சொன்னால் போதும், மீதி எல்லாம் கண்ணளவு.

இந்த மரக்கலங்கள் தூத்துக்குடியில் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு ஆறும் ஒரு காரணம். கொற்கை ஒரு காலத்தில் தாமிரபரணியின் வாயிலிருந்த பாண்டியர் துறைமுகம். ஆறு கொண்டுவந்த மண் கடலைத் தள்ளித் தள்ளி, இன்று அது கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்வெளியில் கிடக்கிறது. துறை பழைய காயலுக்கு இறங்கியது, பிறகு புன்னைக்காயலுக்கு, கடைசியில் தூத்துக்குடிக்கு. அங்கும் கரையோரம் ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளித்தான் நங்கூரம் போட முடிந்தது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கியவை பாய் விரித்த தோணிகள். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் அந்தக் கடற்கரை அப்படித்தான் இருந்தது. ஆழ்கடல் துறைமுகம் வந்து 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகும் தோணிகள் போய்விடவில்லை. ஏறத்தாழ 150 கடல் மைல் தள்ளி இருக்கிற கொழும்புக்கும், அதைவிடத் தூரமான மாலத்தீவுக்கும் உப்பு, வெங்காயம், ஓடு, கட்டுமானப் பொருள் ஏற்றிப் போய்வந்தன. மாலத்தீவிலிருந்து மாசிக் கருவாடு வந்தது. எங்கள் பேட்டைக் கடைவீதியில் மாசி வாசம் அடித்தால் எந்தத் தோணி வந்திருக்கிறது என்று அப்பா கேட்பார்.

ஜோ டி குரூஸ் இந்த உலகத்தைக் கொற்கை நாவலில் எழுதி, 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தோணிக் கதை தெரிய வேண்டும் என்கிறவர்களுக்கு நான் கொடுக்கிற புத்தகம் அது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று தொடங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, பேட்டையில் மண்ணை வாரி அடித்து, கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றிவிட்டு அதே காற்றுதான் தூத்துக்குடிக் கடலில் போய் விழுகிறது. தோணிகள் ஓட முடியாத மாதங்கள் இவை. கரைக்கு வந்து சேர்ந்த தோணிகளுக்குப் பழுது பார்ப்பார்கள். எனக்கு வருடத்தில் பிடித்த காலம் இதுதான், வியாபாரம் நடப்பதால் மட்டும் அல்ல.

கலப்பத்து நடக்கும்போது பார்க்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இறுகிப்போன பழைய பஞ்சை இரும்பால் கொத்தி எடுப்பார்கள். எண்ணெயில் தோய்த்த புதுப்பஞ்சைத் திரித்து, இடுக்கில் வைத்து, உளியால் அழுத்திக் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். பஞ்சு முதலில் இறங்கும்போது தட்டு மொத்தென்று கேட்கும். இறுக இறுகச் சத்தம் மேலே ஏறி, கடைசியில் கணீர் என்று வரும். கணீர் வந்தால் அடுத்த இடுக்கு. பழகினவர்கள் முகத்தைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அடிப்பார்கள், காது மட்டும் வேலையில் இருக்கும். பிறகு எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசி மூடுவார்கள். பலகை மேல் மீன் எண்ணெய். அந்த வாடை நாலு நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது. மரத்தைத் துளைக்கிற கடல் புழுவுக்கும் உப்புக்கும் எதிராகத் தோணிக்காரர்கள் செய்வது இவ்வளவுதான், அதையும் வருடா வருடம் செய்ய வேண்டும்.

மரத் தோணியை ஒருவர் தனியாகப் பராமரிக்க முடியாததற்குக் காரணம் இந்த வருடாந்தர வேலைதான். ஓடாவி, கலப்பத்துக்காரர், பாய் தைக்கிறவர், கயிறு முறுக்குகிறவர், தோணியை நடத்தும் தண்டல், கலாசிகள், சமையல் பார்க்கும் பண்டாரி, மரம் கொண்டுபோகும் நான் என்று எல்லோரும் ஒரே நிழலில் உட்கார வேண்டியிருக்கிறது. கடலோடிகளில் பரதவர் உண்டு, இஸ்லாமியர் உண்டு, மற்றவர்களும் உண்டு. கருப்பட்டிக் காப்பி வந்தால் மேஸ்திரியான பெரிய ஓடாவிக்கு முதல் டம்ளர், அடுத்தது வெளியூர்க்காரனுக்கு. “பேட்டைத் தம்பி, இந்த வருசம் எந்தக் குளம் வத்திருக்கு?” என்று அந்தப் பெரிய ஓடாவி கேட்பார். அவருக்குக் குளம் வற்றுவது மரச் செய்தி. கச்சான் எப்போது தணியும் என்று நான் அவரிடம் கேட்பேன், எனக்கு அது நெல் நடவுச் செய்தி. அப்பா இறந்தபோது கடற்கரையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பேட்டைக்கு வந்து, இரவு முழுக்கத் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். ரத்த சொந்தம் அவ்வளவு பேர் வரவில்லை.

தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5 அன்று நிறைவடைகிறது. அது ஆடி மாதம். கடலோடிகள் வீட்டில் இருக்கிற காலமும் அதுதான். திருவிழா முடிந்ததும் பழுது வேலைகள் வேகம் பிடிக்கும், காற்று தணியத் தோணிகளை ஒவ்வொன்றாக இறக்குவார்கள். உருளைக்கட்டை வைத்து, வடம் கட்டி, ஏலப்பாட்டுக்கு ஏற்ப ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். தண்ணீர் தொட்டதும் ஓடாவி முதலில் உள்ளே இறங்கி, கசிவு பார்ப்பார். கொஞ்சம் கசியும், கசிய வேண்டும். மரம் தண்ணீர் குடித்து ஊதியதும் இடுக்கு தானே அடைபடும். கசியவே இல்லையென்றால் பஞ்சை அளவுக்கு மீறி அடித்துவிட்டார்களோ என்று அவர் கவலைப்படுவார். மரம் ஊதும்போது பலகை விரிய இடம் இருக்காது.

பாயை மட்டும் நம்பி ஓடிய தோணிகள் 1980-களில் இயந்திரத்துக்கு மாறின. அதை நான் குறை சொல்ல மாட்டேன். காற்று விழுந்த கடலில் நாட்கணக்காகக் கிடந்து குடிதண்ணீரை அளந்து குடித்தவர்களின் பிள்ளைகள்தான் இயந்திரம் வைத்தார்கள். ஆனால் இயந்திர அதிர்வில் கலப்பத்து சீக்கிரம் இளகுகிறது என்று வேலைக்காரர்கள் சொல்வார்கள். மரம் பார்க்கிறவனாக எனக்கும் அது விளங்குகிறது. பாயில் விழும் காற்றின் பலம் பாய்மரத்தின் அடிக்கு இறங்கி, ஏராவுக்கும் வங்குகளுக்கும் பரவி உடம்பு முழுக்கப் போகிறது. புன்னைக்காயலில் முகத்துவாரம் தாண்டி ஒரு பாய் வல்லத்தில் போனபோது அணியத்தருகே வங்கின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு அலைக்கும் அது மிக லேசாக இசைந்து கொடுத்துத் திரும்பியது. குளத்தில் நின்றபோது காற்றுக்கு அசைந்த அதே மரம். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எந்த வியாபாரமும் கொடுத்ததில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு கண்ணாடி இழைப் படகுகள் கரை முழுக்க வந்தன. லேசானவை, கலப்பத்து வேண்டாம், வருடா வருடம் ஆள் சேர்க்க வேண்டாம். மர வல்லம் குறைந்ததற்கு அது ஒரு காரணம், கூடவே அந்த நிழலில் உட்காருகிற கூட்டமும் குறைந்தது. அதேசமயம் அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கயிற்றால் தைத்துக் கட்டிய மரக்கப்பல் ஒன்றை 2025-இல் இந்தியக் கடற்படை, கவுண்டின்யா என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டது. எனக்கு அதில் பெருமை உண்டு. தொண்டிப் பக்கத்து ஊர்களில் நடக்கிற பாய்மரப் படகுப் போட்டிகளில் எனக்கு அதைவிட நம்பிக்கை. பக்கவாட்டில் நீட்டிய பலகையில் இளவட்டங்கள் ஏறி, உடம்புக் கனத்தால் படகைச் சாயாமல் பிடிப்பதைக் கரையே நின்று பார்க்கும். போட்டியில் ஓட வேண்டுமானால் அந்த வத்தைப் படகைப் பழுது பார்த்துத்தான் ஆக வேண்டும், அதற்கு ஓடாவி வேண்டும், அவருக்கு மரம் வேண்டும்.

அந்த மரம்தான் இப்போது அருமையாகிறது. குளங்களில் சீமைக் கருவை ஏறிவிட்டது, நாட்டுக் கருவை ஒதுங்குகிறது. இருப்பதும் ஏலத்தில் டன் கணக்கில் விறகாகப் போகிறது. குளத்து ஏலம் எடுக்கிற ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடிமரம் வளைந்து நிற்கிற நாட்டுக் கருவை இருந்தால், அறுப்பதற்கு முன் பேட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வங்குக்கு ஆகிற கட்டைக்கு விறகு விலைக்கு மேலேயே தருவோம். ஆள் வரத் தாமதமானால் நீங்களே வெட்டலாம். ஆனால் வளைவில் ரம்பம் வைக்காதீர்கள். வளைவுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு முழம் விட்டு வெட்டி, வெட்டுமுகத்தில் சாணி பூசி, நிழலில் போட்டு வையுங்கள்.